கடுகளவு பசை

குடைக் கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை பார்த்ததால் அவளுக்குக் குடையக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கம்பெனியை இழுத்து மூடி, அந்த இடத்தில் கார் கழுவும் நிலையம் வந்து, அவளும் வேறு வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. இப்போது அவள் வேலை செய்வது தூண்டில் சாமான் விற்கிற ஒரு கடையின் பின்னறையில். "குடையக்கா இருக்காங்களா?" என்று யாராவது கேட்டுக்கொண்டு நுழைந்தால், கடைக்குப் புதிதாக வந்தவர்கள் இங்கே குடையும் விற்கிறார்களோ என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்.

குடைக் கம்பெனியில் துணியின் எட்டு மூலைகளையும் எட்டுக் கம்பிகளின் நுனியில் நூலால் கட்டுவதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது குடை, ஆயிரத்து இருநூறு முடிச்சு. சூப்பர்வைசர் ஒவ்வொன்றையும் விரித்து மூலையைச் சுண்டி இழுத்துப் பார்ப்பார். அவள் கட்டியது அவிழ்ந்ததில்லை. "இந்தம்மா கட்டின குடை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை" என்று மேனேஜர் கடைசி நாளன்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வேலை போன வருத்தத்தில் மற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டது போல வீட்டுக்கு எடுத்து வந்தாள். கணவரிடம் அதை எத்தனை தடவை சொன்னாளோ, அவருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பஸ் டெப்போவில் மெக்கானிக்கான அவர், "என் பஸ் எல்லாம் தினமும் திரும்பி வந்துடுது. நான் எங்க போய்ச் சொல்லிக்கிறது?" என்பார்.

தூண்டில் கடை வேலையைப் பிடித்துக் கொடுத்தது அவளுடைய தம்பி. அவளைவிட ஐந்து வயது இளையவன். ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்கு அவன்தான் காவல். கேட்டை ஒட்டிய இரண்டு அறை வீட்டில் மனைவியோடும் மகளோடும் குடியிருந்தான். அந்த ஏரி ஒரு மீன்பிடி சங்கத்துக்குச் சொந்தம். அங்கே யாரும் மீனைக் கொண்டுபோய்ச் சமைக்க முடியாது. பிடிக்கலாம், ஈர மெத்தையில் கிடத்தி முள்ளை எடுக்கலாம், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம், பிறகு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அப்படி விட்டு விட்டே அங்கிருந்த கெண்டைகள் முப்பது நாற்பது வருஷம் வளர்ந்து நின்றன. ஒவ்வொன்றும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கனம். தம்பி அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தான். ஒத்தச் செதில், கோணவாயன், வாத்தியார், பெரியம்மா. "பெரியம்மாவை இன்னிக்கு வடக்குக் கரையில பார்த்தேன்" என்று அவன் போனில் சொல்ல, பக்கத்தில் இருந்த அவள் கணவர், "யாரு, இன்னும் உயிரோடவா இருக்காங்க?" என்று கேட்ட கதை ஒன்று உண்டு.

வேலையில் சேர்வதற்கு முந்தின வாரம், தம்பி அவள் வீட்டுச் சமையல் மேஜையில் ஒரு தூண்டில் செட்டைப் பிரித்துப் போட்டான். ஒரு சாண் நைலான் நரம்பு, அதன் முனையில் முள், நடுவில் பிளாஸ்டிக் கிளிப், கிளிப்பில் தொங்கும் ஈயக்குண்டு, குண்டு நழுவாமல் இருக்கக் கிளிப்பின் வாலில் ஏற்றிய ஒரு சின்ன ரப்பர் உறை.

"அக்கா, நீ இத்தனை வருஷமா அவிழாத மாதிரி கட்டின. அது வேற. இது அவிழ வேண்டிய நேரத்துல அவிழணும்."

"அவிழணும்னா எதுக்குடா கட்டணும்?"

"கேளு. மீன் கடிச்சுட்டு ஓடுது. நரம்பு பாசியில சிக்கி அறுந்து போச்சுன்னு வை. குண்டு அப்பவே கழண்டு விழுந்துடணும். விழுந்துட்டா மீன் தப்பிச்சுடும், முள்ளையும் ரெண்டு நாள்ல துப்பிடும். குண்டு கழண்டு விழலைன்னா, அந்த ஈயத்தை இழுத்துக்கிட்டே அலையும். ஏதாவது வேர்ல போய் மாட்டிக்கும். முளையில கட்டின மாடு மாதிரி அங்கயே நின்னு, சாப்பிட வழியில்லாம சாகும். பத்து நாள் ஆகும், பதினைஞ்சு நாள்கூட ஆகும்."

அவள் கிளிப்பைக் கையில் எடுத்து, குண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் முரண்டு பிடித்து, ரப்பர் பின்வாங்கி, குண்டு 'டக்'கென்று மேஜையில் விழுந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவேதான். ஆனா இதுலதான் உயிரே இருக்கு."

இரண்டு மாதத்தில் அந்தப் பின்னறை அவள் கைக்குள் வந்துவிட்டது. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கித் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறைக் குறடால் நசுக்கி வழவழப்பாக்குவாள். மீன் வாயைக் கிழிக்காமல் முள் வெளியே வருவதற்காக அது. நரம்பைச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் குடைக் கம்பெனியிலிருந்து கொண்டு வந்த நீல நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிப்பாள். அந்த நாலு சுற்றுக்கு அவசியமே இல்லை. அவளுக்கு அப்படிச் செய்தால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும். பிறகு சுவரில் அடித்த ஆணியில் முள்ளை மாட்டி, குண்டை இழுத்துப் பார்ப்பாள். விழுந்தால் திரும்பப் பூட்டிப் பாக்கெட்டில் போடுவாள். நீல நூல் செட் என்று கேட்டு வாங்க ஆள் வந்தது. கடைக்காரர் வாய்விட்டுப் புகழும் ஆள் இல்லை. ஆனால் நீல நூல் செட்டுகளைக் கல்லாவுக்கு நேர் எதிரே தொங்கவிட்டார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஏரி கேட்டில் தம்பி ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பான். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் செட்டைக் காட்ட வேண்டும். அவன் அதை ஒரு ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுப்பான். குறிப்பிட்ட கோட்டைத் தாண்டியும் குண்டு கழலவில்லை என்றால், "இது வேண்டாங்க, வேற போட்டுட்டு வாங்க" என்பான். சங்கம் அவனை வைத்திருந்ததே முக்கியமாக இந்த வேலைக்குத்தான். ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்ப்பதில் காலையில் வரிசை நீண்டுவிடும். கொஞ்ச நாளில், முள்ளில் நீல நூலைப் பார்த்தால் அவன் தராசை எடுப்பதில்லை.

"நீல நூலா? அந்தக் கை எனக்குத் தெரியும். போங்க."

இதை அவன் பெருமையாக அவளிடம் சொன்னபோது அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "அதெல்லாம் வேண்டாம்டா, பார்த்தே அனுப்பு" என்று சொல்லத் தோன்றவில்லை.

நாலாவது வருஷம் வெயில் தொடங்கும் சமயம், ரப்பர் உறைகள் புதிதாக ஒரு பெட்டி வந்தன. பார்க்க முன்பு வந்தவை போலவே இருந்தன. ஆனால் ஒரு மயிரிழை பெரியவை. அவள் ஆணியில் மாட்டி இழுத்தபோது குண்டு சீக்கிரமே விழுந்தது. சீக்கிரம் விழுவது மீனுக்கு நல்லதுதானே என்று கட்டிக்கொண்டே போனாள். இரண்டு வாரத்தில் பாக்கெட்டுகள் திரும்பி வரத் தொடங்கின.

முதலில் வந்தவர் ஒரு டாக்ஸிக்காரர், நல்ல மனிதர்தான். பின்னறை வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வீசுறப்பவே குண்டு காத்துல கழண்டு போயிடுது. குண்டு ஒரு பக்கம் விழுது, முள்ளு ஒரு பக்கம் விழுது. பக்கத்துல நிக்கிறவன் மண்டையில படாம இருந்ததே பெரிசு."

அவர் பின்னாலேயே இன்னும் சிலர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் அவள் மேஜையில் பதினோரு பாக்கெட் குவிந்து கிடந்தது. கடைக்காரர் அவற்றைப் பார்த்துவிட்டு, "புது ரப்பர் லூசு போல. என்ன பண்ணலாம்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வேறு பெட்டி வரும்வரை பத்து நாள் நிறுத்தி வைக்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் சரி என்றிருப்பார். இதைப் பின்னாளில் எத்தனையோ தடவை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரும் அவளை எதையும் செய்யச் சொல்லவில்லை.

அந்தப் பதினோரு பாக்கெட்டையும் அவளால் பார்க்கவே முடியவில்லை. பதினாறு வருஷம் ஒரு குடைகூடத் திரும்பி வராத கை. யாரோ முகத்தில் அடித்தது போல அவை எதிரே கிடந்தன. மேஜை இழுப்பறையில் பசைக் குப்பி இருந்தது, தூண்டில் கழி உடைந்தால் ஒட்டுவதற்கு வைத்திருந்தது. ஊசி நுனியில் கடுகளவு எடுத்து, ரப்பர் உறையின் உள்விளிம்பில் தொட்டாள். ஒரு மணி நேரம் கழித்து ஆணியில் மாட்டி இழுத்தாள். கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது, ஆனால் விழுந்தது. "பார், விழுதே" என்று வாய்விட்டே சொன்னாள். அறையில் யாரும் இல்லை.

அந்தப் பசை முழுசாக இறுக ஒரு நாள் ஆகும் என்று குப்பியிலேயே எழுதியிருந்தது. கழி ஒட்டக் கொடுத்தவர்களிடம், "நாளைக்கு வாங்க, அதுக்கு முன்னால கையில தொடாதீங்க" என்று அவளே எத்தனையோ தடவை சொல்லி அனுப்பியிருக்கிறாள். மறுநாள் காலையில் அந்தச் செட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாம். எதிரே சுவரில்தான் ஆணி இருந்தது. அவள் பார்க்கவில்லை. மறந்துபோய்ப் பார்க்காமல் விட்டதல்ல. பார்த்தால் என்ன தெரியும் என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருந்தது.

டாக்ஸிக்காரர் அடுத்த வாரம் வந்து, "இப்ப பிரமாதம்க்கா. கல்லு மாதிரி நிக்குது" என்றார். அவள் சிரித்தாள். ஐந்து வாரத்தில் நானூறு செட்டுக்கு மேல் கட்டியிருப்பாள், எல்லாவற்றிலும் கடுகளவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கணவரும் தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது வழக்கம். அந்த வெயில் காலத்தில் ஏரி ஒரு ஆள் உயரம் வற்றியிருந்தது. ஒரு ஞாயிறு தம்பி சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, நேத்துல இருந்து இப்படித்தான் இருக்கார்" என்றாள் தம்பி மனைவி. "ஒத்தச் செதில் செத்துப் போச்சாம்."

"வயசாகிடுச்சோ என்னவோ" என்றார் கணவர்.

"வயசாகியெல்லாம் இல்லை மாமா" என்றான் தம்பி. "மரவேர்ல மாட்டியிருந்தது. ஆளே பாதி இளைச்சு, தலைப் பக்கம் பறவைங்க கொத்திப் போட்டிருந்தது. முள்ளு கிடைக்கலை. குண்டும் கிளிப்பும்தான் கிடைச்சுது. எந்தப் பாவி பண்ணினானோ, ரப்பரைப் பசை போட்டு ஒட்டியிருக்கான். ரெண்டு கையால இழுத்தும் வரலை. திருட்டுத்தனமா ஏறிக் குதிச்சு வர்ற ஆளாத்தான் இருக்கணும்."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எதிரே தம்பி, பக்கத்தில் கணவர், அடுப்பருகே தம்பி மனைவி. வெளி ஆள் யாரும் இல்லை. தப்பு செய்தால் ஒப்புக்கொள்ள அதைவிட நல்ல இடம் உலகத்திலேயே இருந்திருக்காது. அவள் தண்ணீர் குடித்தாள்.

"பாவம்" என்றாள்.

மறுநாள் முதல் வேலையாகக் கடையில் தொங்கிய நீல நூல் பாக்கெட்டுகளை எல்லாம் இறக்கினாள். அறுபத்திரண்டு இருந்தன. ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டி இழுத்தாள். ஒன்றுகூடக் கழலவில்லை. கடைசியில் ஆணிதான் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. கத்தரியால் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டாள். "ரப்பர் சரியில்லை, புதுசு வந்ததும் கட்டித் தர்றேன்" என்று கடைக்காரரிடம் சொன்னாள். அவர் வெட்டிப் போட்டதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "சரிங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் விற்றுப்போன முந்நூற்றுச் சொச்சம் செட் யார் யார் பெட்டியிலோ இருந்தது. அன்று மாலை ஒரு அட்டையை எடுத்து, 'நீல நூல் செட் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளவும்' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். காரணம் எழுதவில்லை. அந்த அட்டையைக் கல்லா மேல் மாட்டியிருந்தால்கூட பாதி திரும்பி வந்திருக்கும். மாட்டினால் தம்பி காதுக்குப் போகும். போனால் ஏன் என்று கேட்பான். நாளைக்கு மாட்டலாம் என்று பையில் வைத்துக்கொண்டாள். நாலு நாள் அது பைக்குள்ளேயே கடைக்கும் வீட்டுக்கும் போய் வந்தது. ஐந்தாம் நாள் மழை தூறியதில் எழுத்து கலைந்துவிட்டது. அவள் வேறொன்று எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரே வாரத்தில் மூன்று மீன்கள் செத்தன. கடைசியாகக் கிடைத்தது பெரியம்மா. செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தம்பி கடைக்கு வந்தான். யூனிபார்ம் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது. நேராகப் பின்னறைக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்ததை மேஜையில் விரித்தான். குண்டு, கிளிப், நரம்பு. முள்ளின் கழுத்தில் நாலு சுற்று நீல நூல்.

அவன் உட்காரவில்லை.

"அக்கா, இதுல பசை இருக்கு."

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ வெச்சியா?"

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. சொல்லேன், கேட்டுக்கொள்கிறேன் என்பது போலத்தான் இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியலையேடா. வாங்கிட்டுப் போனவங்க யாராவது வெச்சிருப்பாங்க. குண்டு விழுதுன்னு நிறைய பேர் சொல்லிட்டுத்தானே இருந்தாங்க."

தம்பி அவள் கையைப் பார்த்தான். வலது கை ஆள்காட்டி விரல் நகத்தோரம் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. எத்தனை தடவை தேய்த்துக் கழுவினாலும் அது போவதில்லை. அவளும் தன் விரலைப் பார்த்தாள். பிறகு இருவரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

"சரிக்கா" என்றான். செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சங்கத்தின் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை. என்ன நடந்தது என்பதைத் தம்பி மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னாள். செயலாளர் கேட்டாராம், இந்தச் செட் எல்லாம் கேட் வழியாகத்தானே போயிருக்கும், இழுத்துப் பார்த்தீர்களா என்று. தம்பி, "நீல நூல் செட்டை நான் இழுத்துப் பார்க்கிறதில்லை. தப்பு என்னுதுதான்" என்றானாம். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, "பார்க்கலை. அவ்வளவுதான்" என்றானாம். அக்கா என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. செட்டை விற்ற கடையைக் கேட்போம் என்று ஒருவர் சொன்னபோதுகூட, "வாங்கினவங்க யாராவது வெச்சிருப்பாங்க" என்று அவள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னானாம்.

"இவர் ஏன் அண்ணி இப்படி ஊமை மாதிரி இருந்துட்டு வர்றார்? உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா?"

"இல்லையேம்மா" என்றாள் குடையக்கா.

வேலை போனதோடு வீடும் போயிற்று. ஒரு மாத அவகாசத்தில் காலி செய்தார்கள். தம்பி மனைவியின் அண்ணன் வேறு ஊரில், பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தொலைவில், ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவனுக்குக் காவல் வேலை பிடித்துக் கொடுத்தார். சாமான் ஏற்றுகிற அன்று அவள் போய் ஒத்தாசை செய்தாள். பாத்திரங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். தம்பி அவளிடம் சாதாரணமாகத்தான் பேசினான். அந்தப் பெட்டியை அங்கே வை, இந்தக் கயிற்றைப் பிடி. வண்டி கிளம்பும்போது அவன் ஏரிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அவள்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகுதான் கணவரிடம் சொன்னாள்.

"இப்ப போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவனுக்கு அங்க வேலை கிடைச்சாச்சு. உனக்கும் இருக்கிற வேலை போகும்."

நியாயமான பேச்சு மாதிரி இருந்தது. அதில் சாய்ந்துகொண்டு எட்டு மாதம் ஓட்டினாள். தினமும் கடைக்குப் போனாள். சரியான ரப்பர் வந்தது, சரியாகக் கட்டினாள், ஒவ்வொன்றையும் மூன்று தடவை இழுத்தாள். நீல நூல் சுற்றுவதை மட்டும் விட்டுவிட்டாள். யாராவது ஏன் என்று கேட்டால் நூல் தீர்ந்துவிட்டது என்பாள். ஒரு நாள் டாக்ஸிக்காரர் செட் வாங்க வந்தவர், பேச்சுவாக்கில், "அந்த வாட்ச்மேன் கொஞ்சம் அலட்சியம்தான்க்கா. அவ்வளவு வருஷத்து மீனு, போச்சு பாருங்க" என்றார். அவன் அவள் தம்பி என்று அவருக்குத் தெரியாது. அவள் கட்டிக்கொண்டிருந்த செட்டை மேஜையில் வைத்தாள். "அலட்சியமா இருந்தது அவன் இல்லைங்க" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலமே சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனாள். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. முன்னறையில் உட்காரவைத்து, அவள் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். எந்த மாதம், எத்தனை செட், எந்தப் பசை. கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொன்னதுக்கு சந்தோஷம்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். நாங்க அவரை அனுப்பினது பசை வெச்சதுக்கு இல்லை. இழுத்துப் பார்க்காததுக்கு. அது அவர் பண்ணின தப்புதானே?"

"என்னை நம்பித்தானே பார்க்கலை."

"அதை அவர் அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்களும் வேற மாதிரி யோசிச்சிருப்போம். அவரும் சொல்லலை, நீங்களும் வரலை."

நான் சொன்னதைக் கூட்டப் புத்தகத்தில் எழுத முடியுமா என்று மட்டும் கேட்டாள். அவர் எழுதினார். அவள் கேட்டதற்காக ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தார். கடைக்காரரிடமும் மறுநாள் சொன்னாள், வேலை போனாலும் போகட்டும் என்று. அவர் கல்லாவைத் துடைத்துக்கொண்டே, "அன்னிக்கு வெட்டிப் போட்டீங்களே, அப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நகலை மடித்து எடுத்துக்கொண்டு தம்பி ஊருக்கு பஸ் ஏறினாள். கிடங்குக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்து ஒரு நொடி நின்றான்.

"வாங்க. உள்ள வாங்க. பஸ்ல இடம் கிடைச்சுதா?"

பிறந்ததிலிருந்து அவளை 'நீ வா போ' என்றே பேசியவன். திட்டும்போதும் நீ, கெஞ்சும்போதும் நீ. 'வாங்க' என்ற அந்தச் சொல்லைத் தாண்டி வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவே அவளுக்குச் சிரமமாக இருந்தது.

தம்பி மனைவி டீ போட உள்ளே போனாள். அவளுக்கு விஷயம் தெரியும் என்பது அவள் 'அண்ணி' என்று கூப்பிடாமல் போனதிலேயே தெரிந்தது. குடையக்கா நகலை எடுத்து நீட்டினாள். தம்பி நின்றபடியே முழுதும் படித்தான். மடித்தான். திரும்பக் கொடுத்தான்.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"நான்தான்டா வெச்சேன். அன்னிக்கு நீ கேட்டப்போ..."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கூட்டத்துல என் பேரைச் சொல்லலையா?"

அவன் ஜன்னல் பக்கம் போனான். கீழே லாரிகள் பின்வாங்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"பசை வெச்சதுக்கு எனக்குக் கோபம் இல்லை. ஜனங்க குறை சொன்னாங்க, தாங்க முடியலை, வெச்சுட்டீங்க. தப்பு நடக்கும். நானும்தான் தராசை எடுக்காம விட்டேன். ஆனா நான் கடைக்கு வந்து கேட்டேனே, அப்ப 'ஆமாடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேருமா போய் நின்னிருப்போம். வேலை போயிருந்தாலும் போயிருக்கும், அது வேற. எங்க அக்கா பொய் சொல்லமாட்டான்னுதானே நான் அந்த நூலைப் பார்த்துப் பார்த்து ஆளுங்களை உள்ள விட்டேன்."

அவள் அழுதாள். அவன் தடுக்கவும் இல்லை, அருகில் வரவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டீ ஆறிடும், குடிங்க" என்றான். சாயங்காலம் பஸ் நிலையம் வரைக்கும் கூடவே வந்து, ஜன்னலோரம் இடம் பார்த்து உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். எந்தக் குறையும் வைக்கவில்லை. ஐந்து மணி நேரமும் அவள் அந்த பாட்டிலைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் அந்தப் பின்னறையில்தான் இன்னும் வேலை பார்க்கிறாள். வீசும்போது குண்டு விழுகிறது என்று யாராவது செட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறாள், அதற்கு வேறொன்று கொடுக்கிறாள். அதோடு சரி. போன மழைக்காலத்தில் செயலாளரே கடைக்கு வந்தார். கேட்டில் வைத்த புது ஆள் நிலைக்கவில்லையாம்.

"செட்டைப் பார்த்து அனுப்ப உங்களைவிட விஷயம் தெரிஞ்சவங்க இல்லைம்மா. அந்த வீடும் காலியாத்தான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசிக்கவில்லை. வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

தம்பி மாதம் ஒரு தடவை போன் செய்வான். மாமா எப்படி இருக்கார், கால் வலி தேவலையா, மகள் பரீட்சை எழுதினாள், இங்கே நல்ல வெயில். ஏரி பற்றி அவனும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. செயலாளர் வந்து கேட்டதை மட்டும் எப்படியோ ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"ஒத்துக்கிட்டிருக்கலாமே" என்றான். "காலையில அந்தப் பக்கம் நல்லா இருக்கும்."

அவன் மனதாரச் சொன்னானா, குத்திச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. குரலை வைத்தே அவனுக்குக் காய்ச்சல் என்று அவள் கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது என்ன கேட்டாலும் ஒரே மாதிரி இருந்தது அவன் குரல்.

"எனக்கு அந்த மேஜை வேண்டாம்டா" என்றாள்.

"உங்க இஷ்டம்" என்றான் தம்பி. பிறகு, மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்க என்றான்.